தட்டுச் சங்கீதம்

திக்குகிற பிள்ளையோடு நாமும் கூடவே சொன்னால் அதற்குத் திக்காது என்று எனக்கு முதன்முதலில் சொன்னது கனகமணி டீச்சர். சாயர்புரத்தில், என் மூத்தவன் ஆல்பன் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், கிறிஸ்துமஸ் ஆராதனையில் வசனம் சொல்ல அவன் பேரைக் கொடுத்துவிட்டு, ஐயோ கொடுத்துவிட்டோமே என்று நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்ற சாயங்காலம் சொன்னார். “கூடச் சொல்லு புஷ்பம். உன் குரல் மேல ஏறி அவன் வந்துருவான். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ, ஏத்திவிட்டவ சட்டுனு இறக்கிவிட்ரக் கூடாது. குரலைக் கொஞ்சங்கொஞ்சமாக் குறைக்கணும். அவனுக்கே தெரியாமக் குறைக்கணும். வருஷம் ஆனாலும் ஆகட்டும்.” வருஷம் ஆனாலும் ஆகட்டும். எனக்கு அந்த வருஷம் கிடைக்கவில்லையே ஆண்டவரே, மூன்று மாதந்தானே கிடைத்தது, அதற்குள் இந்த மேடையும் மைக்கும் வந்துவிட்டதே. சபையின் குடும்ப ஐக்கியக் கூட்டம், மேடையில் ஷைனி பேசிக்கொண்டிருக்கிறாள். கீழ்வீட்டுப் பெண், அவர்கள் மாடியில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். வெளிர்பச்சைப் புடவை, பின்னலில் பூ இல்லை, முகத்தில் அப்படி ஒரு சாந்தம், அந்தச் சாந்தத்தைப் பார்த்துத்தான் நான் முதலில் அந்த வீட்டுக்குள் காலை வைத்தேன். பக்கத்தில் பிள்ளைகள் இருவரும். ஐந்து வயது ஏனோக் மைக் ஒயரைக் காலால் நெருடிக்கொண்டு நிற்கிறான். எட்டு வயது ஹதாசா இடது காலின் மேல் வலது கால் பெருவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். அந்த விரலை எனக்குத் தெரியும். அந்த விரல் வெளுத்தால் வார்த்தை வரப்போவதில்லை என்று அர்த்தம். மோட்டாரை நிறுத்தினேனா? காலையில் புறப்படும் அவசரத்தில் தண்ணீர் ஏறட்டும் என்று போட்டேன், போட்டது ஞாபகம் இருக்கிறது, நிறுத்தியது ஞாபகம் இல்லை. நிரம்பி வழிந்தால் படிக்கட்டெல்லாம் தண்ணீர். வழியட்டும். வழியட்டுமா? இல்லை, நிறுத்தினேன். கையில் ஈரம் இருந்தது, ஈரக்கையோடு சுவிட்சைத் தொடுகிறாயே என்று நானே என்னைத் திட்டிக்கொண்டேன். அது போடும்போதா, நிறுத்தும்போதா? நான் முதலில் முன்னால்தான் உட்கார்ந்தேன். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிற ஆறு குடும்பமும் வருவதற்கு முன்பே வந்து, மேடைக்குக் கை எட்டும் தூரத்தில், பிள்ளை காதுக்கு என் குரல் போகிற தூரத்தில் பாயில் இடம் பிடித்தேன். கழுத்தில் அட்டை மாட்டிய தம்பி ஒருவன் வந்து குனிந்து எவ்வளவு மரியாதையாகச் சொன்னான், “அம்மா, முன்வரிசை ஹோம் ஸ்கூல் குடும்பங்களுக்கும்மா. நீங்க பின்னாடி ஃபேன் கிட்ட வசதியா உக்காருங்க.” வசதிதான். பெரிய நின்ற ஃபேன், என் காதுக்குள்ளேயே சுற்றுகிறது. இதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஸ்தோத்திரம் என்று சொன்னால் எனக்கே கேட்கவில்லை.

ஷைனி கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறாள். ஜனங்கள் சிரிக்கிறார்கள், அவள் சிரிக்கிற மாதிரிதான் சொல்கிறாள். “காலையில எங்க வீடு சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒருத்தன் பிரஷ்ஷோட ஓடுவான், ஒருத்தி சாக்ஸைத் தேடுவா, எங்க வீட்டுக்காரர் என்னைத் தேடுவார். அப்பத்தான் தேவன் என்னோட பேசினார். கடிகாரத்தைக் கழட்டு மகளேன்னார்.” கழற்றிவிட்டாள். நான் பார்த்திருக்கிறேன், அந்த வீட்டுக் கூடத்துச் சுவரில் வட்டமாக ஒரு வெளுத்த தடம் இருக்கும், ஆணி அப்படியே இருக்கும். அதற்குப் பதில் பைபிளிலிருந்து சங்கீதம். பல் தேய்க்க ஒரு சங்கீதம், அதை மனசுக்குள் சொல்லி முடிக்கிறவரை தேய்க்கணும். குளிக்க ஒன்று, அதை வெளியே கேட்கிற மாதிரிச் சொல்லணும், முடித்தால்தான் தண்ணீரை நிறுத்தலாம். படுக்கை மடிக்கச் சின்னது. சாப்பிட உட்காருவதற்கு முன் நாற்காலிக்குப் பின்னால் நின்று சொல்வது கொஞ்சம் பெரியது, அதற்கு அந்த வீட்டில் தட்டுச் சங்கீதம் என்று பேர். தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்திருப்பாள். சொல்லி முடித்தால் மேல்தட்டு எடுபடும். இடையில் நின்றால், வார்த்தை மாறினால், முதலிலிருந்து. அவ்வளவுதான் சட்டம். அடி கிடையாது. சத்தம் கிடையாது. “நான் என் பிள்ளைங்க மேல இதுவரைக்கும் கை வச்சதில்ல” என்று இப்போது சொல்கிறாள் பாருங்கள், உண்மை, ஒரு சொட்டுப் பொய் இல்லை. பக்கத்திலிருக்கும் நவோமி சிஸ்டர் என் தொடையில் தட்டி, “கேட்டீங்களாக்கா? நானெல்லாம் கரண்டியத் தேடாம ஒரு நாள் விடிஞ்சதில்லைங்க” என்கிறாள். இவள் நல்லவள். பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பாள், யார் பிள்ளை அழுதாலும் ஒன்று நீளும். கரண்டியால் அடி வாங்கிய இவள் பிள்ளைகள் அதோ பின்னால் தூணைச் சுற்றி ஓடுகின்றன. அடி வாங்கிய பிள்ளை அழுது முடித்துவிட்டு ஓடிவிடும் ஆண்டவரே. அடிக்காத வீட்டில் பிள்ளை எங்கே ஓடும்?

ஹதாசாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதே சிரிப்புக்காகத்தான். அதையும் சொல்கிறாள். “கிளாஸ்ல டீச்சர் பேரு கேட்டா இவளுக்கு வராது. பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து ஹ ஹ ஹன்னு சிரிக்கும். நான் அன்னைக்கே முடிவு பண்ணேன், என் பிள்ளை சிரிப்புப் பொருள் இல்ல. அன்பில வளரட்டும்னு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.” ஆமென் என்கிறார்கள். நானும் ஆமென் சொல்லிவிட்டேன், வாய்ப்பழக்கம். அன்பில்தான் வளர்ந்தாள். நான் முதல் நாள் போனபோது, “ஆன்ட்டி, உங்க பிள்ளைங்க எல்லாம் தூரம், தனியா மேல உக்காந்து என்ன பண்றீங்க, காலையில வந்து டிபனுக்குக் கூட இருங்க, பிள்ளைங்க சங்கீதம் சொல்றதைக் கேளுங்க, உங்க குரலே ஜெபம் மாதிரி இருக்கு” என்றாள். எனக்கும் ஆசை. வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. போய் அடுப்படியில் நின்றேன். ஏனோக் வந்தான், மெயில் வண்டி மாதிரி சங்கீதத்தை ஓட்டினான், மூச்சுக்கூட விடவில்லை, தட்டு திறந்தது, தோசையைப் பிய்த்தான். ஹதாசா நின்றாள். முதல் வார்த்தை வரவில்லை. கழுத்தில் நரம்பு எழும்பி நின்றது. “மறுபடியும் செல்லம்” என்றாள் ஷைனி, கணினிக்கு முன்னால் அடுத்த பாடத்தைத் தேடிக்கொண்டே, தலையைத் திருப்பாமல், எவ்வளவு இதமாக. முதல் வார்த்தை வந்தது, இரண்டாவதில் நின்றது. “மறுபடியும் செல்லம்.” ஏனோக் தோசையைச் சவைத்துக்கொண்டே, “மம்மி, அக்கா வண்டி ஸ்டார்ட் ஆவல! ட்ர்ர்… ட்ர்ர்… டீசல் இல்ல!” என்றான். ஷைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டு, “அப்படிச் சொல்லக் கூடாது கண்ணா, அக்காவுக்காக ஜெபம் பண்ணு” என்றாள். அவனும் உடனே கண்ணை மூடி, கையில் சட்னியோடு, “அப்பா, அக்கா வண்டிக்கு டீசல் போடுங்க, ஆமென்” என்றான். உள் அறையில் காதில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் பேசுகிற அவர்கள் அப்பா ரூபஸ் கதவைச் சாத்தினார். மறுபடியும் செல்லம். மூடிய தட்டின் விளிம்பில் நீர் கோத்தது, பிறகு அது காய்ந்தது. ஒரு தரம் அவள் பாடிப் பார்த்தாள். பாட்டாகச் சொன்னபோது தடையே இல்லை, ஓடை மாதிரி வந்தது, நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். ஷைனி எழுந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டு, “பாட்டுக்குத் தனி நேரம் இருக்குல்ல தங்கம்? இது சொல்ற நேரம். குறுக்கு வழி வேண்டாம். மறுபடியும்” என்றாள். அன்று ஹதாசா சாப்பிடும்போது தோசை ரப்பராக இருந்தது. நான் வேறு ஊற்றித் தருகிறேன் என்றேன். “வேண்டாம் ஆன்ட்டி, சூடா வேணும்னா சீக்கிரம் முடிக்கணும்னு அவளுக்கே தோணணும்.” பிள்ளை எனக்கு ஒரு சிரிப்புக் காட்டியது. விருந்தாளிக்குக் காட்டுகிற சிரிப்பு. அதை என்னால் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை.

அதனால்தான் செய்தேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன், கை தானாகப் போய் விழுகிற பிள்ளையைப் பிடிக்குமே, அப்படி. நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, அவளுக்குப் பின்னால் அடுப்பில் நின்றபடி, புகை இழுக்கிற ஃபேன் சத்தத்துக்குக் கீழே, அவள் வாயெடுக்கிற அதே நேரத்தில் நானும் முதல் வார்த்தையைச் சொன்னேன். சன்னமாக. அவள் காதுக்கு மட்டும். வந்துவிட்டது! முதல் வசனம் முழுக்க வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, புத்திசாலி, தோள் மட்டும் இறங்கியது. இரண்டு பேருமாகக் கடைசி வார்த்தைவரை போனோம். மேல்தட்டை எடுத்தபோது இட்லியிலிருந்து ஆவி வந்தது, அந்த ஆவியை அவள் முகத்தில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள், சாப்பிடாமல். அன்றிலிருந்து தினமும். அவளும் நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. நாற்காலியை அடுப்புப் பக்கமாக ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். குளிக்கும்போதும் நான் குளியலறை வாசலில் துணி மடிக்கிற சாக்கில் உட்கார்ந்து கதவோடு சேர்ந்து சொன்னேன். டீச்சர் சொன்னது நினைவில்லாமல் இல்லை. குறைக்கணும், கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்கணும். ஆனால் குறைத்தால் ஒரு வார்த்தை நிற்கும், ஒரு வார்த்தை நின்றால் மறுபடியும் செல்லம், தட்டு மூடியே கிடக்கும். ஆல்பனுக்கு நின்றால் நின்றது, டீச்சர் காத்திருப்பார், பிறகு அந்த இடத்திலிருந்து இரண்டு பேருமாகப் போவார்கள், யாரும் அவனை முதலுக்குத் துரத்தவில்லை. இந்த வீட்டில் நின்ற இடத்திலிருந்து போக வழி இல்லையே. போன வாரம் ஒரு நாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு குரலைக் குறைத்தேன், உதட்டளவுக்கு. இரண்டாம் வசனத்தில் நின்றது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஏன் போய்விட்டீர்கள் என்கிற பார்வை. மறுபடியும் செல்லம் என்று கூடத்திலிருந்து சத்தம் வருவதற்குள் நான் குரலை ஏற்றிவிட்டேன். ஆல்பன் நன்றாகத்தான் பேசுகிறான் இப்போது. மஸ்கட்டிலிருந்து மாதத்துக்கு ஒரு தரம் போனில், திக்காமல், தெளிவாகச் சொல்கிறான், “வைக்கிறேம்மா.”

நானே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன், ஆண்டவரே உமக்குத் தெரியும். ஷைனி ஒரு காலையில் ஓடிவந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு, “ஒரு மாசமா நிக்கல ஆன்ட்டி, ஒரு இடத்துல நிக்கல, நான் கவனிச்சிட்டே இருந்தேன், சொல்லாம இருந்தேன்” என்று அழுதாளே, முழங்காலில் விழுந்து தரையில் நெற்றியை வைத்து அழுதாளே, அப்போது வாயெடுத்தேன். அவள் எழுந்து என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “நேரம் ஒழுங்கானா நாக்கும் ஒழுங்காயிடும்னு நான் சொன்னேன்ல? எங்க வீட்டுக்காரர்கூட நம்பல. நீங்க வந்த வேளை ஆன்ட்டி.” என் கழுத்தில் அவள் கண்ணீர் சூடாக இறங்கியது. என் மகள் கூட என்னை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. அந்தச் சூட்டில் என் வார்த்தை நின்றுவிட்டது. எனக்கும் திக்கியது என்று வைத்துக்கொள்ளுங்களேன். அடுத்த நாளே, பேச்சுப் பயிற்சிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் வாங்கியிருந்த அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்துவிட்டாள். போனில் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள், “இனிமே தேவையில்ல டாக்டர், சுகமாயிடுச்சு.” நான் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். உரித்துக்கொண்டே இருந்தேன். தேவைக்கு மேல் உரித்துவிட்டேன், அன்று சாயங்காலமும் சாம்பார் வைக்கவேண்டியதாயிற்று. இன்று நடக்கிறதை நேற்றுத்தான் சொன்னாள். நாளைக்குக் குடும்ப ஐக்கியத்தில் ஹதாசா தட்டுச் சங்கீதத்தைத் தனியாகச் சொல்லப்போகிறாள், தேவன் சுகம் கொடுத்ததற்குச் சாட்சியாக. “இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமேம்மா” என்றேன். “ஏன் ஆன்ட்டி, உங்களுக்கு விசுவாசம் இல்லையா?” கோபமாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. பரிதாபமாகக் கேட்டாள். இருக்கும்மா என்றேன். இருக்கிறதா? இன்று காலை மாடியில் என் வீட்டில் பிள்ளைக்குத் தலை பின்னும்போது கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துக் கேட்டது, “ஆ… ஆன்ட்டி, நீங்களும் மே… மேடையில நிப்பீங்கதானே?” பின்னலை இறுக்கிக் கட்டிக்கொண்டே நான் நிற்பேன் என்றேன். நிற்பேன் என்று சொன்னேன். அவள் கையில் இருந்த ரிப்பனை அதற்குப் பிறகுதான் என்னிடம் நீட்டினாள். கட்டிவிட்டுக் கீழே இறங்கி மோட்டாரைப் போட்டேன். ஆமாம், கீழே இறங்கினேன், ஈரக்கை, சுவிட்ச். ஒரே தரம்தான் இறங்கினேன். அப்படியானால் நிறுத்தவில்லை. தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது.

கைதட்டுகிறார்கள். ஏனோக் முடித்துவிட்டான் போலிருக்கிறது, அவனுக்குச் சாக்லேட் கொடுக்கிறார் பாஸ்டர். அவன் அதை அங்கேயே பிரிக்கிறான், எல்லாரும் சிரிக்கிறார்கள். இப்போது மைக்கை ஹதாசாவின் உயரத்துக்கு இறக்குகிறார்கள், அது கீச்சென்று கத்துகிறது. ஷைனி, “இந்த வாயைத் தேவன் திறந்தார். டாக்டர் திறக்கல, மருந்து திறக்கல. ஒழுங்கு திறந்தது. இப்ப நீங்களே கேளுங்க” என்று சொல்லிவிட்டு ஒரு எட்டு விலகி நின்றாள். இரண்டு எட்டு. பிள்ளைக்குப் பின்னால் யாருமில்லை. பாஸ்டர் குனிந்து, “முதல்ல உங்க பேரைச் சொல்லுங்க பாப்பா” என்றார். ஐயோ, அதை ஏன் கேட்டீர், அதுதானே அவளுக்குக் கடைசியாக வருகிற வார்த்தை. விரல் வெளுத்துவிட்டது, இங்கிருந்தே தெரிகிறது. வாய் திறந்திருக்கிறது. மைக்கில் காற்று மட்டும் வருகிறது. ஹ… ஹ… ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்கி நான்கு மூலைக்கும் அனுப்புகிறது. எங்கேயோ ஒரு பிள்ளை சிரித்தது, நல்ல பிள்ளைதான், அதன் அம்மா அதன் வாயைப் பொத்திவிட்டுத் தானும் சிரித்தாள். “வெக்கப்படுது” என்றாள் நவோமி சிஸ்டர். “எத்தனை ஜனம்! நானே மைக்கைப் பார்த்தா நடுங்குவேனுங்க.” பாஸ்டரும் சிரித்து, “பேரு வேண்டாம், பரலோகத்துல எழுதியிருக்கு, சங்கீதத்துக்குப் போங்க” என்றார். எல்லாருக்கும் அது பிடித்துவிட்டது. அன்புதான், எல்லாம் அன்புதான், இந்த ஹாலில் ஒருவருக்கும் அவள்மேல் கெட்ட எண்ணம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் முப்பது பேர் சிரித்தார்கள். இங்கே இருநூறு பேர் அன்பாகச் சிரிக்கிறார்கள்.

ஆரம்பித்தாள். முதல் வார்த்தையின் முதல் எழுத்து. அந்த எழுத்து மட்டும். அந்த எழுத்து மறுபடி. அவள் அம்மா விலகி நின்ற இடத்திலிருந்து, மைக் இல்லாமல், ஆனாலும் எனக்குக் கேட்கிறது, ஃபேனைத் தாண்டிக் கேட்கிறது, என் எலும்புக்கே அது பழக்கம், “மறுபடியும் செல்லம்.” முகத்தில் அதே புன்னகை. கண்ணுக்குப் பக்கத்தில் மட்டும் ஏதோ ஒன்று சுருங்குகிறது, ஷைனிக்குப் புரியவில்லை, மூன்று மாதம் கேட்ட ஓடை எங்கே போயிற்று என்று அவளுக்குப் புரியவில்லை, பாவம். பிள்ளை மறுபடியும் தொடங்கிற்று. மூன்று வார்த்தை வந்தது. ஹால் முழுக்க அல்லேலூயா என்று கைதட்டியது, கைதட்டலில் நாலாவது வார்த்தை செத்துப்போயிற்று. மறுபடியும். அவள் அழமாட்டாள். ஓடவும் மாட்டாள். அந்த வீட்டில் நின்று முடிக்காமல் யாரும் உட்கார்ந்ததில்லை, பழக்கிவிட்டார்கள், அவ்வளவு நல்ல பழக்கம். மத்தியானம்வரை நிற்கச் சொன்னாலும் நிற்பாள். பாஸ்டர் அவள் தலையில் கை வைக்கிறார். “எதிரி தடுக்கிறான், சபையாரே, கைகளை உயர்த்துங்க!” இருநூறு கைகள் உயர்ந்தன. எனக்கு முன்னால் கைகளாக நிற்கிறது, பிள்ளை தெரியவில்லை. கைகளுக்கு இடையில் அந்த ரிப்பன் தெரிகிறது, நான் கட்டிய ரிப்பன், பிறகு ஒரு கண் தெரிகிறது. தேடுகிறாள். முன்வரிசையில் தேடிவிட்டாள், அங்கே நான் இல்லை, நடுவில் இல்லை, சுவரோரமாக வருகிறது பார்வை, இதோ, பிடித்துவிட்டாள். நான் வாயை அசைத்தேன். அவள் வாயும் அசைந்தது. உதட்டைப் பார்த்து முடியாது கண்ணே, உனக்குக் குரல் வேண்டும், காதுக்குள் வேண்டும். உரக்கச் சொன்னேன். முதல் வசனத்தை, அடிவயிற்றிலிருந்து, அவள் தொடங்கும்போதே நானும் சேர்ந்து. ஃபேன் அதைச் சுற்றி எடுத்துப் பின்சுவரில் எறிந்துவிட்டது. நவோமி சிஸ்டர் என் கையை அமுக்கினாள். “உஸ்ஸ், அக்கா. பிள்ளை சொல்லட்டும். நீங்க எடுத்துக் குடுத்தா அது சாட்சியாகாதுங்க.”

சாட்சியாகாது. ஆமாம். நான் மேலே போய் அவள் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தால் ஒரே நொடியில் ஷைனிக்குப் புரிந்துவிடும். ரூபஸுக்கும் புரியும், இந்த ஜனத்துக்கெல்லாம் புரியும். மூன்று மாதமும் பொய் என்பார்கள். என்னைச் சொன்னால் பரவாயில்லை, எனக்கு மேல்வீடு போகும், காலை வேளை போகும், அடுப்படி போகும், போகட்டும், நான் பழையபடி சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாகத் தோசை தின்பேன். பிள்ளையையும் சொல்வார்களே. உனக்குத் தெரியும்தானே, நீயும் சேர்ந்துதானே மம்மியை ஏமாற்றினாய் என்று இதமாகக் கேட்பாளே, அடிக்காமல், சத்தம் போடாமல், எத்தனை நாளைக்குக் கேட்பாள்? அதற்கு ஒரு சங்கீதம் வைப்பாளே. பெரியதாக வைப்பாளே. அடுப்புப் பக்கம் யாரும் நிற்கமாட்டார்கள், பிறகு அவள் தனியாக அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். போகாமல் இருந்தால்? போகாமல் இருந்தால் பிள்ளை இங்கே நிற்கும். மெதுவாக இவர்கள் அன்பு களைத்துப்போகும், கைகள் வலித்து ஒவ்வொன்றாக இறங்கும், யாரோ ஒரு பாட்டை எடுப்பார்கள், ஷைனி புன்னகையோடு பிள்ளையைக் கீழே கூட்டிவருவாள், வீட்டுக்குப் போனதும் மூடிய தட்டு. இரண்டு பக்கமும் தட்டு மூடித்தான் இருக்கிறது தகப்பனே. டீச்சர், ஏற்றிவிட்டவள் சட்டென்று இறக்கிவிடக் கூடாது என்றீர்கள். நான் இறக்கவில்லை டீச்சர், என்னை இழுத்துப் பின்னால் உட்காரவைத்துவிட்டார்கள், நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் செல்லம். எத்தனையாவது? நல்லவேளை அந்த வீட்டில் கடிகாரம் இல்லை. கைகள் இறங்கத் தொடங்கிவிட்டன. இப்போது நன்றாகத் தெரிகிறாள். என்னைத்தான் பார்க்கிறாள், என்னை மட்டும். வேறு யாரையும் பார்க்கவில்லை, அம்மாவைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டே அந்தச் சிரிப்பைக் காட்டுகிறாள். விருந்தாளிக்குக் காட்டுகிற சிரிப்பு. பரவாயில்லை ஆன்ட்டி, நீங்கள் அங்கேயே இருங்கள் என்கிற சிரிப்பு. எட்டு வயதில். எனக்கு. நிற்பேன் என்று சொன்னேனே நான், கண்ணாடிக்குள் பார்த்துச் சொன்னேனே. பாஸ்டர் ஷைனியைப் பார்க்கிறார், ஷைனி குனிந்து பிள்ளையின் காதில் ஏதோ சொல்கிறாள், பிள்ளை தலையாட்டிவிட்டு மைக்கை நோக்கி மறுபடியும் வாயைத் திறக்கிறது, விரல் விரலை அழுத்துகிறது. நான் எழும்பப் பார்த்தேன். முழங்கால் இரண்டும் மடங்கியபடியே இருக்கிறது, மரத்துக் கிடக்கிறது, இத்தனை நேரம் பாயில் உட்கார்ந்ததில் ஒன்றும் கேட்கமாட்டேன் என்கிறது. கையை ஊன்றினேன், வழுக்குகிறது. பக்கத்தில் நவோமி சிஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறாள். தோளைத் தொட்டேன்.

“சிஸ்டர், கையைக் கொஞ்சம் பிடிங்க. நான் எழும்பணும்.”